துக்கம் கேட்கப் போனவர்கள் ஏன் கோஷம் போட்டார்கள்? (சீனா, 1976, 1989)

கரையோரம் கேட்டது:

1989 தியானன்மென் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. ஹூ யாவ்பாங் இறந்தார், மாணவர்கள் அஞ்சலி செலுத்தக் கூடினார்கள், ஏழு வாரத்தில் டாங்கிகள் வந்தன. எனக்குப் பிடிபடாதது அந்த முதல் படிதான். ஹூ யாவ்பாங் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. அதே கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்து பதவி போனவர். 1976-இல் சௌ என்லாய்க்காகக் கூடினார்களே, அவரோ சாகும்வரை பிரதமர். கலாசாரப் புரட்சி நடந்த காலம் முழுவதும் மாவோவின் பக்கத்திலேயே நின்றவர்.

இப்படிப்பட்டவர்களுக்காக மக்கள் ஏன் தெருவில் இறங்க வேண்டும்? உண்மையிலேயே அழுதார்களா, அல்லது ஏற்கெனவே இருந்த கோபத்தைக் கொட்ட அந்தச் சாவு ஒரு சாக்கா?

---

பழஞ்சுவடி எழுதியது:

நண்பரே, அந்தச் 'சாக்கு' என்ற சொல்லைத் தூக்கித் தூரப் போடுங்கள். 1976-இல் ஆட்சியில் இருந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள்: சதிகாரர்கள் சிலர் இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கலகம் செய்தார்கள் என்று. அழுகை ஒரு பக்கம், அரசியல் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தால் இந்தக் கதை விளங்காது. நான் பல வருடம் வகுப்பறையில் இதைச் சொல்லிக்கொடுத்தவன்; மாணவர்களும் முதலில் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சௌ என்லாய்க்கு எப்படித் துக்கம் அனுசரித்தார்கள் என்று பார்த்தீர்களா?

அவர் புற்றுநோயால் இறந்தது 1976 ஜனவரி 8. மூன்று நாள் கழித்து உடலைப் பாபாவ்ஷான் மயானத்துக்கு எடுத்துச் சென்றபோது, அந்தக் கடுங்குளிரில் சாங்கான் சாலையின் இரு பக்கமும் லட்சக்கணக்கானோர் நின்றார்கள். 15-ஆம் தேதி துணைப் பிரதமர் டெங் சியாவோபிங் இரங்கல் உரை வாசித்தார். அவ்வளவுதான், துக்கம் முடிந்தது என்று அரசு சொல்லிவிட்டது. கறுப்புப் பட்டை கட்டாதே, மலர்வளையம் வைக்காதே, இரங்கல் கூடம் அமைக்காதே, நினைவுக் கூட்டம் நடத்தாதே, படம் மாட்டாதே என்று வரிசையாகத் தடை. நாளிதழ்களில் மறுபடியும் பிரசாரம். சீக்கிரமே அது டெங்கின் பக்கம் திரும்பியது.

இன்னொன்றும் நடந்தது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. சௌவின் விருப்பப்படி அவருடைய அஸ்தியை விமானத்திலிருந்து ஆற்றிலும் மண்ணிலும் தூவிவிட்டார்கள். ஆகவே அவருக்குக் கல்லறை கிடையாது. சீனர்களுக்குச் சிங்மிங் என்று ஒரு நாள் உண்டு, ஏப்ரல் தொடக்கத்தில் வரும். அன்று மூதாதையர் கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்கி, துடைத்து, படையல் வைப்பார்கள். கல்லறையே இல்லாதவருக்கு எங்கே போவது? தியானன்மென் சதுக்கத்தின் நடுவில் மக்கள் வீரர் நினைவுத்தூண் நிற்கிறது. அதன் ஒரு முகத்தில் மாவோவின் கையெழுத்து. மறு முகத்தில் செதுக்கியிருக்கும் நீண்ட வாசகம் சௌ என்லாய் தம் கைப்பட எழுதியது. மக்கள் அதையே அவருடைய கல்லறையாக்கிக்கொண்டார்கள். அவர் எழுத்து இருந்த இடம் என்பது மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் நாட்டின் நட்டநடுச் சதுக்கத்துக்குக் கூட்டம் வந்து சேர இது போதும்.

பொறி விழுந்தது ஷாங்காயிலும் நான்ஜிங்கிலும். மார்ச் 25 அன்று ஷாங்காயின் 'வென்ஹுய் பாவ்' நாளிதழ் சௌவை முதலாளித்துவப் பாதைக்காரர் என்று மறைமுகமாகக் குத்துவதுபோல ஒரு செய்தி வெளியிட்டது. நான்ஜிங் மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். சுவரில் ஒட்டினால் கிழித்துவிடுவார்கள் என்று, ஊரைத் தாண்டிப் போகும் ரயில் பெட்டிகளின் மேல் தாராலும் பெயிண்டாலும் கோஷங்களை எழுதி அனுப்பினார்கள். தணிக்கை இருக்கும் நாட்டில் செய்தி எப்படிப் பயணம் செய்கிறது பாருங்கள்.

அந்த வருடம் சிங்மிங் ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை. தூணைச் சுற்றி மலர்வளையங்கள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிக்கிடந்தன. காகிதத்தில் செய்தவைதான் பெரும்பாலும். ஆனால் யாரும் எளிதில் பிய்த்தெறியக் கூடாது என்று தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இரும்பில் செய்து தூக்கிவந்தவையும் இருந்தன. பக்கத்துச் செடிகளிலும் மரங்களிலும் வெள்ளைக் காகிதப் பூக்கள். கவிதைகளை ஒட்டினார்கள். முன்னால் நிற்பவர் ஒவ்வொரு வரியாக உரக்கப் படிப்பார், பின்னால் நிற்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி அடுத்த வரிசைக்குக் கடத்துவார்கள், நோட்டுப்புத்தகம் வைத்திருந்தவர்கள் எழுதிக்கொள்வார்கள். கவிதை சௌவைப் புகழ்ந்து தொடங்கும். நாலாவது வரியில் மாவோவின் மனைவி ஜியாங் சிங்கைப் பழைய கால அரசமாதேவி ட்சூஷியோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருக்கும். சீனாவின் முதல் பேரரசர், கொடுங்கோலர் சின் ஷிஹுவாங்கின் காலம் போய்விட்டது என்று ஒரு கவிதை; அது மாவோவைத்தான் குத்துகிறது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

இதுவரைக்கும் இது துக்கமா போராட்டமா? இரண்டும்தான். ஆனால் இதுவரை ஒரு கல்கூட விழவில்லை. அன்றிரவே லாரிகளைக் கொண்டுவந்து அத்தனை மலர்வளையங்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலை வந்தவர்கள் வெறுந்தூணைப் பார்த்தார்கள். அப்போது எழுந்த கோஷம் என்ன தெரியுமா? "எங்கள் மலர்வளையங்களைத் திருப்பிக் கொடு! எங்கள் தோழர்களைத் திருப்பிக் கொடு!" ஜனநாயகம் கொடு என்று அல்ல, மலர்வளையத்தைக் கொடு என்று. அதற்குப் பிறகுதான் கார்கள் எரிந்தன, சதுக்கத்தின் ஓரத்தில் இருந்த காவல் தலைமையகக் கட்டடம் எரிந்தது. மாலை ஆறரை மணிக்கு பெய்ஜிங் மேயர் வூ தெ ஒலிபெருக்கியில் கலைந்துபோகச் சொன்னார். இரவு ஒன்பதரைக்கு விளக்குகளைப் போட்டுத் தடியோடு உள்ளே வந்தார்கள்.

ஏப்ரல் 7 அன்று டெங்கின் பதவிகள் அனைத்தும் பறிபோயின. 'எதிர்ப்புரட்சி அரசியல் சம்பவம்' என்று முத்திரை குத்தினார்கள். செப்டம்பரில் மாவோ போனார், அக்டோபரில் ஜியாங் சிங்கும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் அடங்கிய நால்வர் குழுவைக் கைது செய்தார்கள். 1978 நவம்பரில் பெய்ஜிங் கட்சிக் குழு அதே சம்பவத்தை 'முழுக்க முழுக்கப் புரட்சிகரமானது' என்று அறிவித்தது. மூன்று வருடம்கூட ஆகவில்லை.

என் கருத்து இதுதான்: செத்தவர் நல்லவரா என்பது இரண்டாவது. அவருக்குச் செய்யவேண்டிய முறையைக் குறைத்துச் செய்தார்களா என்பதே முதல் கேள்வி. பிணத்தை வைத்துக்கொண்டு கஞ்சத்தனம் செய்த அரசுதான் சிக்கிக்கொண்டது.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

பழஞ்சுவடி ஐயா சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் கட்சித் தலைவர்களுக்கு மட்டும் பொருந்துகிற விளக்கமாகத் தோன்றுகிறது. கட்சி ஆட்சிக்கு வருவதற்கு முன்பே இந்த வழக்கம் உண்டே? 1925 மே மாதம் ஷாங்காயில் ஜப்பானியருக்குச் சொந்தமான பஞ்சாலையில் கூ செங்ஹோங் என்ற தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். 24-ஆம் தேதி அவருக்கு நினைவுக் கூட்டம், ஆயிரக்கணக்கானோர். அங்கே போகிற வழியில் மாணவர்களைப் பிடித்தார்கள். அந்தக் கைதுகளைக் கண்டித்து மே 30 அன்று நான்ஜிங் சாலையில் ஊர்வலம், பிரிட்டிஷ் அதிகாரியின் கீழ் இருந்த போலீஸ் சுட்டது, பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் சாவுகளால் நாடு முழுவதும் வேலைநிறுத்தம். இங்கே எந்த அரசு முறையைக் குறைத்தது? செத்தவர் சாதாரணத் தொழிலாளி.

குன்மிங்கில் 1946 ஜூலை இன்னும் கொடுமை. ஜனநாயகம் கேட்டுப் போராடிய லி குங்பு 11-ஆம் தேதி இரவு சுடப்பட்டு மறுநாள் அதிகாலை இறந்தார். 15-ஆம் தேதி அவருடைய நினைவுக் கூட்டத்தில் கவிஞர் வென் யிதுவோ கொலைகாரர்களை நேருக்கு நேர் அறைகூவிப் பேசினார். அன்று மாலைக்குள் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். ஒரு இரங்கல் கூட்டம் அடுத்த இரங்கல் கூட்டத்தைப் பெற்றுவிட்டது.

நான் சொல்லவருவது, மரண ஊர்வலம் ஓர் ஆயுதம் என்பதைக் கம்யூனிஸ்ட் கட்சி யாரிடமும் கற்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஆயுதத்தோடு வளர்ந்த கட்சி அது. அதனால்தான் 1976-இல் காகிதப் பூவைக் கண்டு அவ்வளவு நடுங்கியது.

---

தெற்குவாசல் எழுதியது:

இன்னும் பின்னால் போகலாம். 1661-இல் ஷுன்ஜி பேரரசர் இறந்தார். சுச்சௌ நகரில் அதிகாரிகள் அரசு முறைப்படி துக்கம் அனுசரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து நூற்றுக்கு மேற்பட்ட படித்தவர்கள் கன்பூசியஸ் கோயிலில் கூடி உரக்க அழுதார்கள். பேரரசருக்காக அழுவதைத் தடுக்க யாருக்குத் துணிவு வரும்? அழுகையோடு ஒரு புகார் மனுவும் போனது: உள்ளூர் நடுவர் ரென் வெய்ச்சு அரசுக் களஞ்சிய அரிசியைத் திருடுகிறார், வரி கட்டாதவர்களைப் பிரம்பால் அடிக்கிறார் என்று. ஆளுநர் ஜூ குவோஜி நடுவரின் பக்கம் நின்றார். பேரரசரின் ஆவியைக் கலவரப்படுத்தினார்கள் என்று குற்றம் சாட்டிப் பதினெட்டுப் பேருக்குத் தலை வெட்டு. அவர்களில் ஒருவர் ஜின் ஷெங்தான், அந்தக் காலத்தின் பெரிய இலக்கிய விமரிசகர். 'கோயிலில் அழுத வழக்கு' என்றே வரலாற்றில் அதற்குப் பெயர்.

இங்கே துக்கம் கேடயம். ஆனால் கேடயம் உடைந்துவிட்டது.

---

கரையோரம் கேட்டது:

எல்லாருக்கும் நன்றி. 1661 கதையை நான் கேள்விப்பட்டதே இல்லை. பழஞ்சுவடி ஐயா, உங்கள் 'முறையைக் குறைத்தார்கள்' விளக்கம் 1989-க்கு எப்படிப் பொருந்தும்? ஹூ யாவ்பாங்குக்கு அரசு மரியாதையோடுதானே இறுதிச் சடங்கு நடந்தது? இன்னொரு கேள்வி, 1989-இல் கட்சிப் பொதுச்செயலாளராக இருந்து பதவி போன ஜாவ் ஜியாங் 2005-இல் இறந்தபோது ஏன் ஒன்றும் நடக்கவில்லை? 2023-இல் முன்னாள் பிரதமர் லி கெச்சியாங் இறந்தபோதும்?

---

பழஞ்சுவடி எழுதியது:

முதலில் எதிர்க்கேள்வி அவர்களுக்கு. 1925-இல் முறை குறைந்தது எங்கே என்கிறீர்களா? துக்கத்துக்குப் போன மாணவனை வழியில் பிடித்தார்களே, அங்கேதான். துக்கத்தைத் தடுத்த கையின் நிறம் வெள்ளையா மஞ்சளா என்பதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் வென் யிதுவோ விஷயத்தில் உங்களோடு சண்டை போட என்னிடம் ஒன்றும் இல்லை. அது கொலைக்குப் பதில் கொலை.

இனி 1989. சடங்கு நடந்தது உண்மை. ஏப்ரல் 22 காலையில் மக்கள் பேரவை மண்டபத்தில் அரசு மரியாதை, ஜாவ் ஜியாங் இரங்கல் உரை. குறைந்தது சடங்கு அல்ல, தீர்ப்பு. 1987 ஜனவரியில் ஹூவைப் பதவியிலிருந்து இறக்கியபோது, முதலாளித்துவத் தாராளவாதத்துக்கு இடம்கொடுத்தார் என்று பழி சுமத்தினார்கள். இறந்தபின் புகழ்ந்தார்கள், அந்தப் பழியை மட்டும் நீக்கவில்லை. சீனத்தில் பெட்டியை மூடும்போதுதான் ஒரு மனிதனைப் பற்றிய முடிவு எழுதப்படும்; அதை எழுதும் உரிமை கட்சியுடையது. மாணவர்கள் வைத்த ஏழு கோரிக்கைகளில் முதலாவது, ஹூ யாவ்பாங்கைப் பற்றிய தீர்ப்பை மாற்றி எழுது என்பது. பத்திரிகைச் சுதந்திரமும் தலைவர்களின் சொத்துக் கணக்கும் அதன் பின்னால்தான் வருகின்றன. ஹூ யார் என்பதையும் மறக்காதீர்கள். மாவோ காலத்தில் பொய்ப்பழி சுமந்தவர்களின் வழக்குகளைத் திரும்ப எடுத்து, அவர்கள் பெயரைத் துடைத்துக் கொடுத்த மனிதர். ஊரார் பழியையெல்லாம் துடைத்தவர், தம் பழியோடு போனார்.

22-ஆம் தேதி சதுக்கத்தை மூடுவார்கள் என்று தெரிந்து, மாணவர்கள் முதல்நாள் இரவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே சடங்கு நடக்கிறது, வெளியே படிக்கட்டில் மூன்று மாணவர்கள் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர் சுருட்டிய மனுவைத் தலைக்கு மேல் இரு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தார். பிரதமர் லி பெங் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. நெடுநேரம் அப்படியே இருந்தார்கள். பெரியவர் யாரும் வெளியே வரவில்லை. பேரரசர் காலத்துப் பிரஜை அரண்மனை வாசலில் மனு ஏந்தி நிற்கிற கோலம் அது. கூட்டத்தில் அதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு, இந்தக் காலத்தில் மண்டியிடுவதா என்று ஆத்திரப்பட்டவர்களும் உண்டு. ஒருவர் இறங்கிவந்து அந்தக் காகிதத்தை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஊகம் சொல்லமாட்டேன். வாங்கவில்லை. நாலு நாளில் 'மக்கள் நாளிதழ்' தலையங்கம் அதைக் 'கொந்தளிப்பு' என்று அழைத்தது, மறுநாளே பெய்ஜிங் தெருக்களில் பெரும் ஊர்வலம். அதன்பின் ஹூ யாவ்பாங் பின்னுக்குப் போய்விட்டார், அந்தத் தலையங்கத்தைத் திரும்பப் பெறு என்பதே பேச்சாயிற்று.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். மாவோவுக்கும் 1997-இல் டெங்குக்கும் அரசு குறைவின்றி எல்லாம் செய்தது. இரண்டு சாவுகளையும் அரசே சொந்தமாக்கிக்கொண்டது. மக்கள் நிரப்ப இடமே விடவில்லை. இதிலிருந்து ஆட்சி பாடம் படித்தது என்றே நினைக்கிறேன்.

வூகான் கண் மருத்துவர் லி வென்லியாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய நோய் பற்றிச் சக மருத்துவர்களை எச்சரித்ததற்காக 2020 ஜனவரி 3 அன்று போலீஸ் அவரிடம் கண்டிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியது. நிறுத்திக்கொள்ள முடியுமா? 'முடியும்.' புரிந்ததா? 'புரிந்தது.' இரண்டு பதிலுக்கும் மேல் அவருடைய கைரேகை. பிப்ரவரி 6 இரவு அவர் இறந்ததாக அரசு ஊடகங்கள் சொல்லின, பிறகு அழித்துவிட்டு உயிர் காக்கப் போராடுகிறோம் என்றன, விடிவதற்கு முன் மருத்துவமனை மரணத்தை உறுதிப்படுத்தியது. ஒரு மனிதனின் சாவு நேரத்தைக்கூட ஒழுங்காகச் சொல்லாமல் இழுத்தடித்த அந்தச் சில மணி நேரத்தில்தான் 'எங்களுக்குப் பேச்சுச் சுதந்திரம் வேண்டும்' என்ற வரி வெய்போ என்ற சீனச் சமூக ஊடகத்தில் காட்டுத்தீயாகப் பரவியது. அரசு அதை அழித்தது. ஆனால் 1976-ஐப் போல அதோடு நிற்கவில்லை: மார்ச்சில் அந்தக் கடிதம் ரத்து, ஏப்ரல் 2-இல் அவருக்குத் தியாகி பட்டம், ஏப்ரல் 4 சிங்மிங் அன்று காலை பத்து மணிக்கு நாடே மூன்று நிமிடம் நிற்கச் சங்கொலி. சௌ என்லாய்க்குச் செய்யத் தவறியதை இங்கே செய்துவிட்டார்கள், அதே சிங்மிங் நாளில்.

2022-இல் அந்தச் சாமர்த்தியம் தவறியது. நவம்பர் 24 அன்று மேற்குச் சீனாவின் உரும்ச்சி நகரில் அடுக்குமாடித் தீயில் பத்துப் பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. கோவிட் ஊரடங்குத் தடுப்புகளால்தான் தப்ப முடியவில்லை என்று ஊர் பேசிக்கொண்டிருக்க, தீயணைப்பு அதிகாரி ஒருவர் செய்தியாளர் முன், குடியிருந்தோர் சிலருக்குத் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் திறன் குறைவு என்றார். எரிந்து செத்தவர்மேல் பழி! 26-ஆம் தேதி இரவு ஷாங்காயில் உரும்ச்சியின் பெயர் தாங்கிய சாலையில் பூவும் மெழுகுவத்தியுமாகக் கூடினார்கள், பொழுது விடிவதற்குள் ஷி ஜின்பிங் பதவி விலகு என்ற குரல் வரை போனது. வெற்று வெள்ளைத் தாளை ஏந்தி நின்றார்கள். போலீஸ் வந்தபின் அந்தச் சாலையின் பெயர்ப்பலகையையே கழற்றிக்கொண்டு போனார்கள். மலர்வளையத்தை லாரியில் அள்ளியவர்களின் வாரிசுகள்தான், சந்தேகமில்லை. டிசம்பர் 7-இல் கோவிட் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்ந்தன.

லி கெச்சியாங்குக்கு வருகிறேன். 2023 அக்டோபர் 27-இல் இறந்தார். ஹெஃபெய் நகரில் அவர் சிறுவயதில் வாழ்ந்த ஹோங்சிங் சாலை வீட்டு வாசலில் பூங்கொத்துகள் மலைபோலக் குவிந்தன. சிலர் வைத்த சீட்டுகளில் அவரே ஒருமுறை சொன்ன வாக்கியம்: மஞ்சள் ஆறும் யாங்சியும் பின்னோக்கி ஓடாது. திட்டுவதற்குச் சொந்தமாக ஒரு சொல்லும் தேவைப்படவில்லை, செத்தவரின் வாயையே கடன் வாங்கிக்கொண்டார்கள். இம்முறை பூவை யாரும் இரவோடு இரவாக அள்ளவில்லை. கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு, கண்காணிப்புக்கு ஆளை நிறுத்தி, வைத்துவிட்டுப் போ என்று விட்டார்கள். கோஷம் எழவில்லை. என் விளக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்காது, ஆனால் கண்காணிப்புக் கேமராவின் பங்கையும் நீங்கள் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

ஜாவ் ஜியாங் என் விளக்கத்துக்குக் கட்டுப்படாதவர், ஒப்புக்கொள்கிறேன். முறையைக் குறைத்தார்கள் என்றால் அவருக்குக் குறைத்ததுபோல யாருக்கும் குறைக்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் வீட்டுக் காவலில் இருந்து 2005 ஜனவரி 17-இல் இறந்தார். சுருக்கமான அறிவிப்பில் 'தோழர்' என்று மட்டும் போட்டார்கள், பழைய பதவிகள் எதுவும் இல்லை. 29-ஆம் தேதி பாபாவ்ஷானில் விடைகொடுத்தபோது இரங்கல் உரை என்று ஒன்றே கிடையாது. இத்தனைக்கும் தெருவில் எதுவும் நடக்கவில்லை. அதற்குள் சீனாவில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்காத ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டிருந்தது. கேட்டவர்களை வீட்டு வாசலிலேயே போலீஸ் நிறுத்தியது. அஸ்தியை எங்கே வைப்பது என்பதில் குடும்பத்துக்கும் அரசுக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. அது வீட்டிலேயே இருந்தது. பெய்ஜிங்கின் புறநகரான சாங்பிங்கில் ஒரு தனியார் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தது 2019 அக்டோபரில்.